பட்டு வாங்கும் வழியில் பருத்திக்குன்றம்

கோயில்களைச் சைவம், வைணவம் என்று பிரிப்பவர்கள் பக்தர்கள். குடும்பஸ்தன் பிரிக்கிற விதம் வேறு. செலவு வைக்கும் கோயில், செலவு வைக்காத கோயில், அவ்வளவுதான். வண்டி நிறுத்த ரசீது, செருப்புக்கு டோக்கன், தேங்காய் பழத் தட்டு, அர்ச்சனைச் சீட்டு, சிறப்பு தரிசனம், "சார், நான் நேரா உள்ளே கூட்டிட்டுப் போறேன்" என்று முழங்கையைப் பிடிக்கும் அன்பர், ஆரத்தித் தட்டில் பத்து போடுவதா இருபது போடுவதா என்கிற தர்மசங்கடம், வெளியே வந்தால் புளியோதரை ஸ்டால், அதையும் தப்பித்துத் தாண்டினால் வளையல் கடை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, கடவுளை இருந்த இடத்திலிருந்தே கும்பிடலாம் என்ற முடிவுக்கு நான் எப்போதோ வந்துவிட்டேன். மகான்களும் அதைத்தானே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பர்ஸைத் தடவிக்கொண்டே சொல்லவில்லை என்பாள் என் மனைவி.

இந்த வரிசையில் செலவே வைக்காத கோயில் ஒன்று காஞ்சிபுரத்தின் ஓரத்தில் இருக்கிறது. திருப்பருத்திக்குன்றம். சிவ காஞ்சி, விஷ்ணு காஞ்சி என்று ஊரை இரண்டாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஜின காஞ்சி என்று மூன்றாவது ஒன்று உண்டு, அது இதுதான். ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து நடந்தே வந்த யுவான் சுவாங், காஞ்சியில் திகம்பரச் சமணர்கள் நிறைய இருப்பதாக எழுதி வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவருக்குத் தெரிந்தது, எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் இருக்கும் எனக்கு மச்சினர் மகள் கல்யாணம் நிச்சயமாகும் வரை தெரியாது.

கல்யாணம் என்றால் அத்தை சேலை எடுக்க வேண்டும். பெண்ணுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று. "அத்தைக்கு எதுக்கு?" என்று கேட்டதற்கு, "அத்தை என்ன நைட்டியிலயா மேடையேறுவா?" என்று பதில் வந்தது. சென்னையில் இல்லாத பட்டுக்கடையா என்றேன். காஞ்சிபுரத்தில்தான் எடுக்க வேண்டுமாம், அங்கே விலை குறைவாம். விலை குறைவு என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டே ஏழையானவன் நான்.

தடுக்க முடியாததைத் தாமதப்படுத்தலாம் என்பது என் கொள்கை. ஆகவே பயணத் திட்டத்தை நானே போட்டேன். காலையில் வரதராஜர், அங்கிருந்து ஏகாம்பரநாதர், பிறகு கைலாசநாதர். இந்த மூன்றின் பிராகாரங்களையும் ஒழுங்காகச் சுற்றினால் எப்பேர்ப்பட்ட கால்களும் ஓய்ந்துபோகும். சாப்பிட்டதும் திருப்பருத்திக்குன்றம். அதற்குள் அந்தி சாய்ந்துவிடும். கடையில் அரைமணி நேரம், கிடைத்ததை எடு, பஸ்ஸைப் பிடி. காகிதத்தில் இது அப்பழுக்கில்லாத திட்டம். ஆனால் என் மனைவியின் கால்கள் கோயிலில் நடந்தால் வலிக்காது, கடையில் நின்றாலும் வலிக்காது. எனக்கு இன்னொரு காபி கேட்டால்தான் வலிக்கும். கைலாசநாதரில் சுவரோரம் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

காஞ்சிபுரம் எப்பேர்ப்பட்ட சந்தடி என்பது காந்தி ரோட்டில் ரோட்டைக் கடந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பட்டு மாளிகைகள். நிற்கிற மனிதரெல்லாம் நம்மைக் கூப்பிடுகிறார்கள். "சார், சொசைட்டி சேலை", "அம்மா, சும்மா பாருங்க, வாங்கவே வேணாம்", "நேரா தறிக்கே கூட்டிட்டுப் போறேம்மா." இந்த ஊரில் வழி கேட்டால் சேலைக் கடைக்குத்தான் வழி சொல்வார்கள். நேரம் கேட்டால் கடை எத்தனை மணி வரை என்று சொல்வார்கள். இந்த நெரிசலில் ஓர் ஆட்டோவை நிறுத்தி, திருப்பருத்திக்குன்றம் என்றேன். டிரைவரின் முகம் வாடிவிட்டது. சமணக் கோயிலில் கமிஷன் தர ஆள் கிடையாது.

"சேட்டு கோயிலா சார்? அங்க ஒண்ணும் இருக்காதே."

"அதுக்குத்தான் போறோம்" என்றேன்.

பிள்ளையார்பாளையம் பக்கமாகப் போனால் சத்தம் மாறுகிறது. ஹாரன் குறைந்து, வீட்டுக்கு வீடு தறி அடிக்கும் ஓசை. திறந்திருந்த கதவுக்குள் ஒருவர் குழியில் கால்களை விட்டுக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார். மாளிகையில் கண்ணாடிக்குப் பின்னால் மின்னுகிற சேலை இந்தக் குழியிலிருந்துதான் எழுந்து போகிறது. ஆட்டோ கொஞ்சம் மெதுவாகப் போனதற்கே என் மனைவி பாதி உடம்பை வெளியே நீட்டி ஒரு பார்டரைப் பார்த்துவிட்டாள். வேகவதி ஆறு வந்தது. பெயரில் வேகம் இருக்கிறது. அதையும் கடந்தால் வயல், சில வீடுகள், கோயில்.

வாசலில் கடை இல்லை. டோக்கன் இல்லை. செருப்பைக் கழற்றி, பழக்க தோஷத்தில் யாரிடம் கொடுப்பது என்று தேடினேன். வாங்கிக்கொள்ள ஆளில்லை. உள்ளே அகலமான முற்றம். வெயிலில் காய்ந்த கருங்கல்லில் நான் குதித்துக் குதித்துத் தாண்டியதை ஒரு பெரியவர் நிழலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் என்று சொல்லப்போனால் என் வாயிலிருந்து வந்த "ஸ்ஸ்" மட்டும்தான்.

பெரியவர் சாவிக்கொத்தோடு எழுந்தார். கோயிலுக்கு வேண்டப்பட்டவர், சமணர். ஆட்டோக்காரர் சொன்ன சேட்டு விஷயத்தை என் மனைவி அவரிடம் அப்படியே ஒப்பித்துவிட்டாள். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"எல்லாரும் அப்படித்தாம்மா கேப்பாங்க. நாங்க இந்த மண்ணுக்காரங்க. எனக்குத் தமிழை விட்டா வேற பாஷை தெரியாது. வந்தவாசிப் பக்கம் நமக்குக் கொஞ்சம் நெலம், நெல்லு வெச்சிருக்கோம்."

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர்கள் 90 ஆயிரத்துக்கும் குறைவு. அதிலும் வடக்கேயிருந்து வந்து தொழில் செய்பவர்களைக் கழித்தால் இவரைப் போன்ற நயினார்மார் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீவக சிந்தாமணியையும் நன்னூலையும் கொடுத்தவர்களை நாம் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் நன்னூல் சூத்திரத்துக்காக நான் வாங்கிய அடிகளை எண்ணி, பவணந்தி முனிவர்மேல் ஒரு சிறு வருத்தம் எனக்கு உண்டு. கொல்லாமை பேசிய துறவியின் பெயரால் எத்தனை பிரம்புகள் ஒடிந்தன!

திரைலோக்கியநாதர் சன்னிதியைத் திறந்தார். மூவுலகுக்கும் நாதர், வர்த்தமானர், அதாவது மகாவீரர். கையில் ஆயுதம் இல்லை, பக்கத்தில் தேவி இல்லை, அபயம் காட்டவில்லை, வரம் தருவதாகவும் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கிறார். உடம்பில் ஒரு நூல் கிடையாது. ஊர் முழுக்கச் சுவருக்குச் சுவர் சேலை விளம்பரம் எழுதியிருக்கும் காஞ்சிபுரத்தில்!

"இந்த ஊர்ல கடைக்காரங்க யாரும் கையைப் பிடிச்சு இழுக்க முடியாதவர் இவர் ஒருத்தர்தான்" என்று என் மனைவி காதோடு சொன்னாள்.

இங்கே வேண்டிக்கொள்ள வழியில்லை என்பதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. நாற்பது வருஷமாகச் சன்னிதியில் நின்றதும் பட்டியலை ஒப்பிக்கும் வாய் என்னுடையது. பி.எஃப். பணம், முழங்கால், பையனுக்கு வேலை, மேல் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை அணைக்க நல்ல புத்தி. தீர்த்தங்கரர் எதையும் தருபவரல்ல, வழியைக் காட்டிவிட்டுப் போய்விட்டவர் என்று பெரியவர் விளக்கினார். கேட்டாலும் கிடைக்காது என்றால் நிற்பதில் என்ன பயன் என்று மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் அவ்வளவு நேரம் என்ன செய்தாளோ.

இடம் பழையது. பல்லவ சிம்மவர்மன் காலத்தைச் சேர்ந்த பள்ளன்கோயில் செப்பேட்டிலேயே பருத்திக்குன்றத்து வஜ்ரநந்தி முனிவர் வருகிறார். பக்கத்தில் இருக்கும் சிறிய சந்திரபிரபர் கோயில் பல்லவர் பாணி. பிறகு சோழர்கள் தானம் கொடுத்தார்கள். அப்புறம் விஜயநகர இரண்டாம் ஹரிஹரரின் மந்திரியும் தளபதியுமான இருகப்பர் வந்தார். 1382இல் ஒரு கிராமத்தையே எழுதிக் கொடுத்தார். போதாதென்று குரு புஷ்பசேனர் சொன்னபடி 1387-88இல் சன்னிதிக்கு முன்னால் சங்கீத மண்டபம் கட்டினார். அதே மனிதர் ஹம்பியிலும் ஒரு சமணக் கோயில் கட்டியிருக்கிறார், நடுவில் சமஸ்கிருதத்தில் ஒரு நிகண்டும் செய்திருக்கிறார். படையையும் நடத்திக்கொண்டு இத்தனையும் எப்படிச் செய்தார் என்று வியந்தேன். வீட்டில் ஒரு குழாய் வாஷர் மாற்ற நான் எடுத்துக்கொள்ளும் காலத்தை மனைவி அப்போது நினைவூட்டியிருக்க வேண்டாம்.

சங்கீத மண்டபத்துக் கூரையைப் பார்க்க வேண்டும். வரிசை வரிசையாகச் சித்திரங்கள், சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக. சில இடங்களில் சுண்ணம் உதிர்ந்து கதை பாதியில் நிற்கிறது. படத்துக்குக் கீழே இன்ன காட்சி என்று எழுத்தும் எழுதியிருக்கிறார்கள். ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் சரித்திரங்கள். 1934இலேயே டி.என். ராமச்சந்திரன் இந்தக் கோயிலைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். அண்ணாந்து அண்ணாந்து அவர் கழுத்து என்னவாகியிருக்குமோ. எனக்குப் பத்து நிமிஷத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. மிச்சக் கதையைத் தூணில் சாய்ந்து, பெரியவர் வாயால் கேட்டேன்.

நேமிநாதர் கண்ணபிரானுக்குச் சித்தப்பா பெரியப்பா முறைத் தம்பி. அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை ஊர்வலம் புறப்படுகிறது. வழியில் பட்டியில் அடைத்த ஆடு மாடுகள் கதறுகின்றன. எதற்கு இவை என்று கேட்கிறார். உங்கள் கல்யாண விருந்துக்குத்தான் என்கிறார்கள். தேரைத் திருப்பச் சொல்லி, அப்படியே துறவுக்குப் போய்விட்டார். மணப்பெண் ராஜமதியும் பின்னால் துறவு பூண்டாள்.

நான் ஒரு பெருமூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாதுதான், கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது.

"ஜானவாசக் கார்ல இவருக்கும் ஏதோ சத்தம் கேட்டுதாங்கய்யா" என்று மனைவி பெரியவரிடம் சொன்னாள். "டிபன் ரெடின்னு கூப்பிட்ட சத்தம். அதான் திரும்பாம நேரா வந்துட்டார்."

அடுத்து ரிஷபதேவர். ராஜ்யத்தை விட்டுத் துறவு மேற்கொண்ட முதல் தீர்த்தங்கரர். ஆறு மாதம் அசையாமல் நின்று தவம் செய்தார். பிறகு உணவு ஏற்க ஊருக்குள் வருகிறார். ஆனால் முதல் துறவியல்லவா, துறவிக்குச் சோறு போட வேண்டும் என்றே யாருக்கும் தெரியவில்லை. ராஜா வந்திருக்கிறார் என்று யானை கொடுக்கிறார்கள், குதிரை கொடுக்கிறார்கள், ரத்தினம் கொட்டுகிறார்கள். ஒரு கவளம் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பேசாமல் திரும்பிவிடுவார். ஓராண்டுக்கு மேல் இப்படியே பட்டினி. கடைசியில் அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் என்பவனுக்கு முற்பிறப்பு நினைவு வந்து, கையில் கரும்புச் சாறு ஊற்றினான். "அந்த நாள்தான் சார் அட்சய திருதியை."

தூணிலிருந்து நிமிர்ந்துவிட்டேன்.

"என்ன நாள்?"

"அட்சய திருதியை. எங்களுக்கு அன்னைக்குக் கரும்புச் சாறுதான் விசேஷம்."

வருஷா வருஷம் சித்திரை பிறந்தாலே எனக்கு வயிறு கலங்கும். பேப்பரைப் பிரித்தால் முழுப் பக்கம் நகை, டிவியைப் போட்டால் நகை, மனைவியின் தங்கை போன் செய்தாலும் நகை. குந்துமணித் தங்கமாவது வாங்காவிட்டால் வீடு விளங்காது என்கிறார்கள். இத்தனை காலமும் ஓரத்தில் ஒரு கோயில், ஒரு தம்ளர் கரும்புச் சாறு போதும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது! விலை முப்பது ரூபாய், இஞ்சி எலுமிச்சை சேர்த்து. உணர்ச்சி வசப்பட்டு, இனிமேல் நம் வீட்டிலும் அப்படியே கொண்டாடலாம் என்று அறிவித்தேன். மனைவி மறுப்புச் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த உற்சாகத்தில் சமண இல்லறத்தானுக்கு என்னென்ன விரதம் என்று விசாரித்தேன். துறவிக்கு மகாவிரதம், குடும்பஸ்தனுக்கு அணுவிரதம், சின்ன அளவில் கடைப்பிடித்தால் போதும் என்றார். பஸ்ஸில் அரை டிக்கெட் மாதிரி. எனக்கு ஏற்ற மதம் என்று அப்போதே தோன்றிவிட்டது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை எல்லாம் சரி, எங்கும் சொல்வதுதான். ஐந்தாவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மிகுபொருள் விரும்பாமை. நமக்கு இவ்வளவு பொருள் போதும் என்று நாமே ஓர் எல்லை கட்டிக்கொண்டு அதற்குமேல் சேர்க்காமல் இருப்பது. அருங்கலச்செப்பு என்று இல்லறத்தாருக்காகவே ஒரு தமிழ் நூல் இதையெல்லாம் சொல்கிறதாம்.

"கேட்டியா? இருக்கறது போதும், மேல வாங்கக் கூடாது. பீரோவுல எத்தனை பட்டு இருக்கு உனக்கு?"

"பன்னெண்டு. உங்க பரண்ல என்ன இருக்கு, சொல்லட்டுமா?"

வேண்டாம் என்பதற்குள் சொல்லத் தொடங்கிவிட்டாள். செத்துப்போன மிக்ஸியின் ஜாடிகள், மூடி இல்லாமல் நான்கு. எந்த போனுக்கும் பொருந்தாத சார்ஜர்கள் ஒரு சாக்குப் பை. விற்றுவிட்ட டிவியின் ரிமோட். டிவி வந்த அட்டைப் பெட்டி, அதற்குள் தெர்மக்கோல், அதற்குள் எலி. 'எப்பவாவது தேவைப்படும்' என்று சுருட்டி வைத்த ஒயர்கள். ஒரு கால் உடைந்த ஈஸிசேர். மறு கால் உடைந்த இன்னொரு ஈஸிசேர், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது பத்தாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் பையன் பட்டமே வாங்கிவிட்டான். ஆடி ஓடிய டேபிள் ஃபேனின் மோட்டார். ஒற்றை ஹவாய் செருப்பு.

"ஒத்தைச் செருப்பு எதுக்கு சார்?" என்று பெரியவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

இன்னொன்றும் வீட்டில்தான் எங்கோ இருக்கிறது என்றேன்.

பேச்சை மாற்ற, அடுத்த விரதத்துக்குப் போனேன். திக்விரதம். எந்தத் திசையிலும் இவ்வளவு தூரத்துக்கு மேல் போவதில்லை என்று எல்லை வகுத்துக்கொள்வது. போக்குவரத்து குறைந்தால் அதனால் வரும் இம்சையும் குறையும். என்ன அருமையான ஏற்பாடு! தெற்கே செங்கல்பட்டு, மேற்கே காஞ்சிபுரம், இதற்குமேல் போவதில்லை என்று அங்கேயே சங்கல்பம் செய்யத் தயாரானேன்.

"கோடு எங்க போடறார் பாருங்க. எங்கம்மா வீடு கும்பகோணம். இவரோட அக்கா பெங்களூர்ல இருக்காங்க, அவங்க போன் பண்ணா மட்டும் மேற்கே கோடு ரப்பர் மாதிரி நீளும்."

பெரியவர் அடுத்ததைச் சொன்னார், நான் கேட்காமலே. அனர்த்த தண்ட விரதம். பயனில்லாத குற்றங்களை விடுவது. அடுத்தவனுக்குக் கெடுதல் நினைப்பது, வேண்டாத யோசனை சொல்வது, வேண்டாததைக் காது கொடுத்துக் கேட்பது, காரணமில்லாமல் தண்ணீரைக் கொட்டுவது, மரத்தை ஒடிப்பது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். ராத்திரி ஒன்பது மணி டிவி விவாதமும், மேல் வீட்டு மோட்டாரும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு நான் சொன்ன மூலத்துக்கான வைத்தியமும் அந்தப் பார்வையில் இருந்தன.

இன்னொன்றும் உண்டு. பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. விளக்குக்கு வரும் பூச்சிகள் உணவில் விழுந்து சாகக் கூடாது என்பதற்காக.

"அப்ப ஆறு மணிக்கு அடுப்படியைப் பூட்டிடலாமா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த பக்தியை நான் எந்தச் சன்னிதியிலும் கேட்டதில்லை. "பத்து மணிக்குச் சூடா தோசை கேக்கமாட்டாங்க? பதினோரு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டாம்?"

அவசரப்பட்டு எதையும் முடிவு செய்யக் கூடாது, மதங்களை ஆழமாகப் படித்த பிறகே கடைப்பிடிக்க வேண்டும் என்று நான் விளக்கினேன்.

வெளியே வந்தோம். பிராகாரத்தில் ஒரு குரா மரம். அருகே மேருமந்தர புராணம் பாடிய வாமன முனிவர் முதலானோரின் நினைவிடம். இருகப்பரின் குருவுக்குக் குரு அவர். இந்தக் குரா மரம் தன் அளவில் குறையாது, கூடவும் செய்யாது, அரசனின் செங்கோலைக் காட்டி நிற்கும் என்று இதைப் பற்றிக் கல்வெட்டில் ஒரு பாட்டே இருக்கிறது. மனைவி மரத்தைப் பார்த்தாள். அடுத்து என் வயிற்றைப் பார்த்தாள். பெரியவருக்கு ஐம்பது ரூபாய் கொடுக்க நீட்டினேன். உண்டியலில் போடச் சொல்லிவிட்டார். ஐம்பது போதாது என்று மனைவி என் பர்ஸிலிருந்து நூறு ரூபாய்த் தாளைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். செலவு வைக்காத கோயிலில் ஆன மொத்தச் செலவு நூறு.

ஆட்டோவில் ஏறியதும் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். பட்டு எப்படி வருகிறது தெரியுமா என்று ஆரம்பித்தேன். புழு தன் வாயால் கூடு கட்டிக்கொண்டு உள்ளே தூங்குகிறது. அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால் கூட்டைத் துளைத்துவிடும், இழை அறுந்துவிடும். ஆகவே அதற்குமுன் கூட்டோடு கொதிநீரில் போட்டுவிடுகிறார்கள். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில். நான் மட்டும் சொல்லவில்லை, இதே காஞ்சிபுரத்து மகா பெரியவர் பட்டு கட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்தபோது அவர் மனைவி ஜானகி அம்மாள், புழுவைக் கொல்லாமல் பட்டுச் சேலை கிடையாதா என்று கேட்டார். அதைக் கேட்டு ஆந்திராவில் குசும ராஜய்யா என்பவர் பூச்சி பறந்துபோன பிறகு கூட்டை எடுத்து நூற்கும் அகிம்சைப் பட்டையே உருவாக்கினார். ராஷ்டிரபதி வீட்டு அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை, நமக்கு?

என் குரல் எனக்கே தழுதழுத்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைக் கவலையோடு பார்த்தார்.

மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிள்ளையார்பாளையம் தறிச் சத்தம் வந்து போயிற்று. பிறகு, "நீங்க சொல்றது சரிதான். அந்தக் கூரையில பட்டியில நின்ன ஆடு மாடு கதையைக் கேட்டதுலேர்ந்தே எனக்கு என்னவோ போல இருக்கு. பட்டு வேண்டாம்" என்றாள்.

காந்தி ரோட்டின் ஹாரன் சத்தம் எனக்கு மங்கள வாத்தியமாகக் கேட்டது.

"காட்டன்ல எடுத்துக்கலாம்" என்றேன் தாராளமாக.

"எனக்குக் காட்டன் போதும். ஆனா கல்யாணப் பொண்ணுக்கு அத்தை சீர் காட்டனா? என் தம்பி பொண்டாட்டி என்ன நினைப்பா? பொண்ணுக்கு மூணு சவரன்ல ஒரு நெக்லஸ் போட்டுடலாம். தங்கத்துல புழு பூச்சி கிடையாதே."

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

"அட்சய திருதியைக்கும் இனிமே வாங்கப் போறதில்லை, கரும்புச் சாறுதான். நீங்களே சொல்லிட்டீங்க. அந்தக் காசும் மிச்சம். நாலு சவரனாவே போட்டுடலாம்."

அதன் பிறகு நான் பேசியதைப் பட்டு வாரியத்தார் கேட்டிருந்தால் எனக்கு மாதச் சம்பளம் கொடுத்திருப்பார்கள். காஞ்சிபுரம் வரை வந்துவிட்டுப் பட்டு எடுக்காமல் போவது அந்த ஊருக்கே அவமானம் என்றேன். குழியில் கால் தொங்கப்போட்டு மிதித்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தாயே, அவர் வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா, அது அகிம்சையில் சேராதா என்றேன். புழு சென்ற பிறவியில் என்ன செய்ததோ என்றும் சொன்னதாக நினைவு. டிரைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேட்காமலே ஒரு மாளிகையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே இருந்தவர் அவரைப் பார்த்துத் தலையசைத்ததை நான் கவனித்தும் கவனிக்காமல் விட்டேன்.

பாயில் உட்கார்ந்ததும் முதல் சேலையைப் பிரிக்கச் சொன்னதே நான்தான். மனைவி தயங்கித் தயங்கிக் கடைசியில் அரக்கில் மாம்பழ பார்டரைத் தொட்டாள். தொட்டதும் நான் பிடித்துக்கொண்டேன். கோர்வை பார்டர் என்றார் கடைக்காரர். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோத்துக்கொண்டே வருவார்கள், கூட ஒரு ஆள் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும், இழுத்தாலும் பிரியாது. "பாத்தியா, இழுத்தாலும் பிரியாது!" என்றேன். பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றிய சரிகை என்றார். "இதுலயே தங்கமும் இருக்கு, தனியா எதுக்கு?" என்றேன். பெண்ணுக்கு அரக்கு, அத்தைக்கு ஒரு மயில் கழுத்து நிறம். பேரம் பேசக்கூட எனக்கு நா எழவில்லை. நெக்லஸ் என்ற சொல் மறுபடி வருவதற்குள் பை தைக்கப்பட்டுவிட வேண்டும்.

"இவ்வளவு ஆசையா வாங்கித் தர்ற வீட்டுக்காரரை நான் பாத்ததே இல்லம்மா" என்றார் கடைக்காரர், உண்மையான வியப்போடு. கல்லாவில் இருந்தவர் பில் புத்தகத்தைத் திறந்தார்.

"பில்லு யார் பேர்ல போட சார்?"

"அத்தனை புழு பாவம் யார் கணக்குல சேருமோ, அவர் பேர்லயே போடுங்க" என்று சொல்லி, என் பெயரை இனிஷியலோடு சொன்னாள்.